அந்தத் தங்கச்சியை விட்டுவிடுங்கள்

தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி, சாகக் கிடக்கும் தன் அப்பாவோடு எடுத்து இணையத்தில் போட்ட படங்களுக்குக் கீழே இரண்டு நாளாக நடக்கிற பேச்சை வாசித்துவிட்டுத் தூக்கம் வராமல் எழுதுகிறேன். 'அப்பன் சாவைக் காட்டி லைக் வாங்குறா' என்று எழுதியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். எங்கள் வீட்டுக் கேதத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

அது ஒளிந்திருந்து எடுத்த படம் இல்லை. ஐந்தாவது படத்தை நன்றாகப் பாருங்கள். அந்த மனிதர் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார். அவரும் சேர்ந்து எடுத்த படம் அது.

என் அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தவள். கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது, "மூஞ்சி வேணாம், கையை எடுடா" என்றாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்த்த கை. விரலெல்லாம் பழைய கீறல். சாயங்காலம் ஃபோனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிடிக்காததை அவளே அழிப்பாள். இருமும்போது எடுக்காதே என்றாள், எடுக்கவில்லை.

சாகக் கிடப்பவர் எப்படி வேண்டாம் என்று சொல்வார் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஒருமுறை கேட்டால் போதாது என்கிறேன். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக்கழிவுப் பாதரசம் கடலில் கலந்தது. அந்த மீனைத் தின்ற குடும்பங்களில் குழந்தைகள் நோயோடு பிறந்தார்கள். அப்படி ஒரு மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை 1971இல் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்தார், குடும்பத்தின் சம்மதத்தோடு. மகள் இறந்து பல வருடம் கழித்து, 1998இல், ஸ்மித்தோடு அங்கே வேலைசெய்த அய்லீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார். சம்மதம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், மானம் என்கிறீர்களே. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றி நின்று படம் எடுத்தவர்கள்தானே நாம்? என் தாத்தா படம் அப்படித்தான் சுவரில் தொங்குகிறது. அவரை யார் கேட்டார்கள்? கடலில் போனவர் உடல் கரைக்கு வந்த அன்று அழுத பெண்களின் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டினார்கள். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள்தான் இன்று இவளுக்கு மானம் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

அம்மா அழித்ததில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்த படம். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பல்லு தெரியுது, வேணாம்" என்றாள். இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டாள். அந்தப் படம் இன்று என்னிடம் இல்லை.

இதை எழுதி முடிக்கும்போது பார்க்கிறேன், தங்கச்சி எல்லாப் படங்களையும் நீக்கிவிட்டிருக்கிறாள். அவள் அப்பா சொல்லி நீக்கியிருந்தால் சரி. நீங்கள் சொல்லி நீக்கியிருக்கிறாள்.