ஒரு கையில் பிறக்காத ஒலி

இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் சனிக்கிழமைதோறும் என்னிடம் கிட்டார் பழக வரும் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவன், பீட்டில்ஸ் குழுவின் 'அ ஹார்ட் டேஸ் நைட்' பாடலின் தொடக்க ஒலியைக் கைப்பேசியில் ஓடவிட்டு, "சேர், எப்படிப் பிடிச்சாலும் இந்தச் சத்தம் வருதில்லையே, நம்ம கிட்டார் மலிவு, அதனாலயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. அவன் தன் கருவியையும் தன் விரலையும் குறைசொல்லிக்கொண்டிருந்தான். பிழையோ, அந்த ஒலியை ஒரே கிட்டாருக்குள் தேடியதில் இருந்தது.

1964 ஏப்ரல் 16 அன்று லண்டன் அபி ரோட்டிலுள்ள கலையகத்தில் பதிவான அந்த ஒற்றை மீட்டலை அவிழ்க்க இசைக்கலைஞர்கள் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறார்கள். குழுவின் கிட்டார் கலைஞர் ஜோர்ஜ் ஹாரிசன் கையிலிருந்தது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு கம்பிக் கிட்டார். அதில் கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும். தடித்த நான்கு இரட்டைகளில் ஒரு கம்பிக்கு அதன் மேல் ஸ்தாயிக் கம்பி துணையாக நிற்கும், மெல்லிய இரண்டு இரட்டைகளில் இரு கம்பிகளும் ஒரே சுருதியில் நிற்கும். தான் பிடித்தது எஃப் கார்டும் (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச்செய்யும் பிடி) அதன் உச்சியில் ஒரு ஜீ சுரமும்தான் என்று 2001இல் ஹாரிசனே சொன்னார். ஆனால் அடிச்சுரம் எதுவென்று பேஸ் கிட்டார் வாசித்த போல் மெக்கார்ட்னியிடம்தான் கேட்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். வாசித்தவரே தன் பங்கு முழு ஒலி ஆகாது என்று ஒப்புக்கொண்ட அந்த வார்த்தையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன், 2004இல் அந்த ஒலியை ஃபூரியர் கணித முறையால் அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்தார். எஃப் சுரத்தின் அருகே ஒன்றையொன்று ஒட்டியபடி மூன்று அதிர்வெண்கள் தென்பட்டன. பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் அந்த எஃப் ஒலித்திருந்தால் அதன் மேல் ஸ்தாயித் துணையும் கூடவே ஒலித்திருக்கவேண்டும், அது அங்கே இல்லை. பியானோவிலோ அந்தச் சுரத்தின் ஒரே கட்டைக்கு மூன்று கம்பிகள் உண்டு. ஆகவே தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் பியானோ அந்த மீட்டலுக்குள் கலந்திருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார். அழகான தர்க்கம் அது. ஆனால் எந்தச் சுரம் எந்தக் கருவிக்குரியது என்று அவர் பங்கிட்டபோது, கிட்டாருக்குக் கொடுத்தவை ஹாரிசன் சொன்ன எஃப் கார்டோடு ஒத்துப்போகவில்லை. என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்பதைக் கணக்கு காட்டிவிடும். அவை எவர் கையிலிருந்து வந்தன என்பதைத் தீர்க்க, கருவியைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அதே பாடலின் நடுவில் வரும் தனி வாசிப்பிலும் கிட்டாரும் பியானோவும் சேர்ந்தே ஓடுகின்றன. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே மெதுவாக வாசித்துப் பதிந்து, பிறகு முழு வேகத்தில் ஒலிக்கச்செய்தார்கள். அந்த வேகத்தைக் கண்டு விரல் நோக மணிக்கணக்கில் பழகும் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்லியாகவேண்டும்.

மலைநாட்டில் வளர்ந்த நமக்கு இப்படிக் கேட்பது புதிதல்ல. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆட்களைத் திரட்ட, அடித்த தப்புப் பறையையும், மாசியில் காமன் கதையை ஆடும் காமன் கூத்தின் தப்பு, உறுமியையும் எதிர்மலை லயக் குடியிருப்பிலிருந்து பனிமூட்டத்தினூடே கேட்டவர்கள் நாம். ஆட்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே முழக்கமாக வந்துசேரும். நெருப்பில் காய்ச்சிய தப்பு எது, சூடு தணிந்து தளர்ந்த தப்பு எது என்று என் தாத்தா திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார்.

போன சனிக்கிழமை நான்கு பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தினேன். இரண்டு கிட்டார்கள், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்ட். பேஸில் டி சுரம், ஒரு கிட்டாரில் ஹாரிசன் சொன்ன பிடி, மற்றதில் அதற்கு இசைவான இன்னொரு பிடி, கீபோர்ட்டில் பெடலை மிதித்தபடி டியும் எஃபும் ஜீயும். நாலைந்து முறை பிசகி, பிறகு ஒரே நொடியில் நால்வரும் மீட்டியபோது, கேள்வி கேட்ட பையன் தன் கிட்டாரையே திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு கம்பியின் மினுமினுப்பு அதில் இல்லை, ஆனால் அந்த ஒலியின் உடம்பு இருந்தது.

வரும் மாசியில் எதிர்மலையிலிருந்து காமன் கூத்தைப் பதிவுசெய்யப் போகிறோம். தப்பு எத்தனை, உறுமி எத்தனை என்று முதலில் காதால் கேட்டு எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகே மலையிறங்கி, வாசித்த அண்ணன்மாரிடம் கேட்பதாகப் பேசியிருக்கிறோம்.