நிக்கோல்ஸ்கோயே பெரிங்கின் ஊர் இல்லை

எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த ‘உலகின் விளிம்பில் ஒரு கிராமம்’ காணொளியைப் பற்றித்தான். ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில், பெரிங் தீவில் இருக்கும் நிக்கோல்ஸ்கோயே என்ற ஊரைப் பற்றியது அது. ரஷ்யாவுக்காகக் கடலோடிய பெரிங் வந்தார், கப்பல் உடைந்தது, பெரிங் இறந்தார், அங்கே வாழ்ந்த கடல்பசு என்ற பெரிய கடல் பாலூட்டி அழிந்தது. கடைசியில் நிக்கோல்ஸ்கோயே வீடுகளுக்கு மேல் ட்ரோன் பறக்கிறது, முடிந்தது. அந்த வீடுகளில் இருப்பது யார் என்று ஒரு வரி கிடையாது.

பெரிங் இறந்தது 1741 டிசம்பரில். அந்தத் தீவில் அவர் ஒரு மாதம்போல நோயில் கிடந்தார், அவ்வளவுதான். நிக்கோல்ஸ்கோயே உருவானது 1826-ல். நடுவில் 85 வருஷம்! ஊரை உண்டாக்கியவர்கள், அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் பூர்வகுடிகளான அலூட் மக்கள். ரோமத் தோலுக்காகக் கடல் நீர்நாயையும் சீலையும் வேட்டையாட அன்று ரஷ்யாவிடம் இருந்த அலாஸ்காவை நிர்வகித்த ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி அவர்களை அங்கிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கியது. ஊரின் வரலாறு அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

“1741-க்கு முன்னால் அங்கே யாருமே இல்லையே, அப்போது பெரிங்தானே தொடக்கம்?” என்று கேட்பீர்கள். யாரும் இல்லை, உண்மை. தீவின் கதையைப் பெரிங்கிலிருந்து சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. காணொளியின் தலைப்பில் இருப்பது கிராமம். “பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?” கடல்பசுவுக்கு நாலு நிமிஷம் இருந்ததே.

பெரிங் என்று காட்டுகிற அந்தப் பருத்த முகப் படம்கூட அவருடையது இல்லை. 1991-ல் கல்லறையைத் தோண்டி, மண்டையோட்டை வைத்து முகத்தை உருவாக்கிப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. படத்தில் இருப்பவர் அதே பெயர் கொண்ட அவருடைய உறவினர், ஒரு கவிஞர் என்கிறார்கள். இதைக்கூடச் சரிபார்க்கவில்லை.

அலுவலகத்தில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். “எங்கேயோ பனியில் கிடக்கிற ஊருக்கு நீ ஏம்மா இவ்வளவு வருத்தப்படுறே?” என்றார் ஒரு மூத்தவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்றால், 1867-ல் ரஷ்யா அலாஸ்காவை, அலூஷியன் தீவுகளோடு சேர்த்து, அமெரிக்காவுக்கு விற்றபோது நிக்கோல்ஸ்கோயே அலூட் மக்களுடைய சொந்தபந்தம் ஒரே கையெழுத்தில் வேற்று நாட்டவராகிவிட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. 1970 வாக்கில் பக்கத்து மெத்னி தீவின் ஊரை மூடி, அங்கிருந்தவர்களையும் நிக்கோல்ஸ்கோயேவுக்குக் கொண்டுவந்தார்கள். மெத்னிக்காரர்கள் அலூட்டும் ரஷ்யனும் கலந்து பேசிய மொழி உலகில் வேறெங்கும் கிடையாது. பெரிங் தீவின் அலூட் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2021-ல் போனார். மெத்னி மொழியின் கடைசி ஆள் 2022-ல் போனார். நேற்று நடந்த மாதிரிதானே இது? இருநூறு வருஷம் அந்த ஊரில் கேட்ட குரல் நின்று சில வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அந்த ஊரைப் பெரிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

“நல்ல நோக்கத்தில் எடுத்த காணொளி, விட்டுவிடு” என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து வராதீர்கள். எடுத்தவர்கள் விளக்கக் குறிப்பில் அலூட் மக்கள், 1826 என்று ஒரு வரி சேர்க்கட்டும். சேர்த்தால் நானே பகிர்கிறேன்.