ஆறு வாரம் என்ற கணக்கு

2003 பிப்ரவரி 7 அன்று இத்தாலியின் அவியானோ விமானத் தளத்தில் அமெரிக்க வீரர்களிடம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பேசினார். ஈராக்கில் போர் வந்தால் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆறு நாள் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம், ஆறு மாதம் ஆகுமா என்பது சந்தேகமே என்றார். கடைசி அமெரிக்க வாகன வரிசை ஈராக் எல்லையைக் கடந்து குவைத்துக்குள் நுழைந்தது 2011 டிசம்பர் 18 அன்று. எட்டே முக்கால் ஆண்டு. அதுவும் முடிவாக இருக்கவில்லை. 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகள் கையில் விழுந்ததும் அமெரிக்கப் படை மறுபடியும் அங்கே போனது.

இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்து ரம்ஸ்ஃபெல்டைத் திட்டிவிட்டு நகர்வது எளிது. இருபது வருடமாக அதைத்தான் எல்லோரும் செய்கிறோம். ஆனால் அவர் போட்ட கணக்கை அவர் வழியிலேயே போய்ச் சரிபார்த்தால் ஒன்று தெரிகிறது. தரைப்படை மார்ச் 20 அன்று நுழைந்தது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. மே 1 அன்று ஆபிரகாம் லிங்கன் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பெரிய சண்டைகள் முடிந்துவிட்டதாக அதிபர் புஷ் அறிவித்தார். மார்ச் 20 முதல் மே 1 வரை 42 நாள். சரியாக ஆறு வாரம்!

அதாவது அவருடைய கணிப்பு பலித்துவிட்டது. என்னைத் தூங்கவிடாத விஷயமே இதுதான். சதாம் உசேனின் ராணுவம் எத்தனை நாளில் நொறுங்கும் என்ற கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருந்தது. அந்தப் பதிலை, போர் எவ்வளவு காலம் நடக்கும் என்ற வேறொரு கேள்விக்கான பதிலாக உலகத்துக்குக் கொடுத்தார்கள். எது நடந்தால் போர் முடிந்ததாகப் பொருள் என்று கொடுத்தவர்களும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கேட்கவும் இல்லை. அந்த ஆறு வாரத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 140 பேர். 2011 முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 4,400-ஐத் தாண்டிவிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ‘போர் முடிந்த பிறகு’ இறந்தவர்கள்.

செலவுக் கணக்கிலும் இதேதான். 2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சி 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று பத்திரிகையிடம் சொன்னார். போரை எதிர்த்து அவர் அதைச் சொல்லவில்லை; அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு அது தாங்கக்கூடிய தொகை என்பதுதான் அவர் வாதம். அப்படியும் அந்த எண் அரசுக்குப் பிடிக்கவில்லை. டிசம்பரில் அவர் பதவியிலிருந்து வெளியேறினார். அந்த மாத இறுதியில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் சொன்ன எண் 5,000 முதல் 6,000 கோடி. அது உறுதியான மதிப்பீடு அல்ல, 1991 வளைகுடாப் போரை வைத்துச் சொன்ன ஒப்பீடு என்று பிறகு விளக்கம் வந்தது.

அந்த ஒப்பீட்டில்தான் எல்லாம் இருக்கிறது. 1991-இல் தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,000 கோடிக்கு மேல் சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் கொடுத்தன. அன்று அமெரிக்கப் படை பாக்தாதுக்குள் போகவில்லை. எந்த ஊரையும் ஆளவில்லை, மின்சாரம் கொடுக்கவில்லை, குப்பை அள்ளவில்லை, போலீஸ் வேலை பார்க்கவில்லை. ஈராக் படையைக் குவைத்துக்கு வெளியே தள்ளிய போரின் பில்லை எடுத்து, ஒரு நாட்டையே கையில் எடுக்கப்போகும் போருக்கு அளவுகோலாக வைத்தார்கள். நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகம் 2002-இலேயே படையெடுப்புக்குத் தனியாக, பின்னர் நாட்டைப் பிடித்து வைத்திருப்பதற்குத் தனியாக என்று கணக்கைப் பிரித்துக் காட்டியிருந்தது. இரண்டாவதற்கு மாதம் 100 முதல் 400 கோடி டாலர் என்று அது போட்டது. எத்தனை மாதம் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. 2008-இல் ஈராக்குக்கு ஆன செலவு மாதம் 1,000 கோடிக்கும் மேல்.

யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸை இங்கே மரியாதையோடு நினைக்கிறேன். 2002 டிசம்பரில் அவர் ஒற்றை எண் எதையும் கொடுக்கவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தால் பத்து ஆண்டில் 9,900 கோடி, எல்லாம் கெட்டுப்போனால் 1.9 லட்சம் கோடி டாலர் என்றார். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது மடங்கு இடைவெளி. இவ்வளவு அகலமான கணிப்பு எதற்கு உதவும் என்று தோன்றலாம். அந்த அகலத்தைத்தான் மக்கள் பார்த்திருக்க வேண்டும். நமக்குத் தெரியாதது எவ்வளவு பெரியது என்பதை அது ஒரே வரியில் காட்டியது. தலைப்புச் செய்திக்கு வசதியாக இருந்ததோ சின்னதான ஒற்றை எண்தான்.

ஷின்செகி கதைக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அது. தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகியிடம் 2003 பிப்ரவரி 25 அன்று செனட் குழுவில், போருக்குப் பின் எத்தனை வீரர் தேவைப்படும் என்று கேட்டார்கள். பல லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்றார். போஸ்னியாவில் அமைதிப்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். சண்டை ஓய்ந்த ஊரில் வீரர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அவர் ஒருவர் மட்டும் அல்ல. 1999-இல் ராணுவம் நடத்திய ஓர் ஒத்திகையிலும் 4 லட்சம் வீரர் என்ற கணக்கு வந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் வேறொரு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தார். அந்த எண்ணிக்கை உண்மைக்கு வெகுதூரம் என்றார். சதாமின் படையைத் தோற்கடிக்கத் தேவைப்படுவதைவிட, அதன்பின் அமைதி காக்க அதிக வீரர் தேவைப்படும் என்பதைக் கற்பனை செய்யவே முடியவில்லை என்றார். அதே அமர்வில் இன்னொன்றும் சொன்னார்: அங்கே போய் இறங்கும்வரை என்ன தேவைப்படும் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எவ்வளவு ஆகும் என்று தெரியாது. ஆனால் அதிகம் ஆகும் என்று சொல்பவர் தவறு என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். எதிர்காலம் தெரியாது என்பது நேர்மையான பேச்சு. அந்தத் தெரியாமை, குறைந்த எண்ணை விட்டுவிட்டு, பெரிய எண்ணை மட்டும் வெட்டப் பயன்பட்டால் அது நேர்மை இல்லை. இந்தப் போரை நோக்கிய பேச்சு முழுக்க இந்த வழியில்தான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

சுமார் ஒன்றரை லட்சம் அமெரிக்க வீரர்களோடு இறங்கினார்கள். ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகமும் அமைச்சக அலுவலகங்களும் கொள்ளை போனபோது தடுக்க ஆள் இல்லை. மே 23 அன்று ஈராக் ராணுவத்தையே கலைத்தார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். காவலில்லாத கிடங்குகளிலிருந்து போன வெடிபொருள் பெருமளவு சாலையோரக் குண்டாகத் திரும்பி வந்தது. அந்தக் குண்டுகளைத் தாங்கும் கவச வண்டிகள் ஈராக், ஆப்கானிஸ்தான் இரண்டுக்குமாக வாங்கியதில் ஆன செலவு சுமார் 4,500 கோடி டாலர். மொத்தப் போருக்கும் டேனியல்ஸ் சொன்ன தொகையை ஒரு வகை வண்டி மட்டுமே நெருங்கிவிட்டது.

மறுகட்டுமானம் பற்றிய கணிப்பு இன்னும் மோசம். எண்ணெய் வருமானமே இரண்டு மூன்று ஆண்டில் 5,000 முதல் 10,000 கோடி தரும், ஈராக் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார் உல்ஃபோவிட்ஸ். அமெரிக்க மக்களின் பங்கு 170 கோடி டாலர், அதற்கு மேல் இல்லை என்று அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் ஏப்ரல் மாதம் தொலைக்காட்சியில் உறுதி சொன்னார். அந்த ஆண்டே நாடாளுமன்றம் 1,840 கோடி ஒதுக்கியது. கடைசியில் சுமார் 6,000 கோடி போனது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரை எதிர்த்தவர்களின் கணிப்புகளிலும் பல பொய்த்தன. பாக்தாதில் தெருத் தெருவாக மாதக்கணக்கில் சண்டை நடக்கும், ரசாயன ஆயுதம் வெடிக்கும், எண்ணெய்க் கிணறுகள் எல்லாம் எரியும், முதல் வாரங்களிலேயே அகதிகள் லட்சக்கணக்கில் எல்லையில் குவிவார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை. ஏப்ரலில் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2007-இல் வீட்டைவிட்டு ஓடிய ஈராக்கியர் 40 லட்சத்துக்கும் மேல். அதற்குள் சிரிப்பும் மறந்துபோயிருந்தது, கணிப்பும் மறந்துபோயிருந்தது.

காலக்கெடு தள்ளிப்போவதையும் மக்கள் பழகிக்கொண்டார்கள். சதாம் பிடிபட்டதும் நிலைமை மாறிவிடும் என்றார்கள், தேர்தல் நடந்ததும் மாறிவிடும் என்றார்கள், அடுத்த ஆறு மாதம்தான் முக்கியம் என்று பத்தி எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 2005 மே மாதம் கிளர்ச்சி கடைசி மூச்சில் இருக்கிறது என்றார் துணை அதிபர் டிக் சேனி. அடுத்த பிப்ரவரியில் ஷியாக்களின் புனிதத் தலமான சமாரா மசூதி தகர்க்கப்பட்டது. அந்தப் போரில் அதுவரை பார்க்காத கொலைகளை ஈராக் அதன் பிறகு பார்த்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்று அமெரிக்கர்களே அதிகம் கேட்காததற்குக் காரணம் உண்டு. வழக்கமான பட்ஜெட்டில் சேர்க்காமல், எதிர்பாராத செலவு என்று ஆண்டுதோறும் துணை மானியமாகக் கேட்டார்கள். முதல் கோரிக்கை 7,470 கோடி. போர் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் வந்தது. செப்டம்பரில் 8,700 கோடி, பெரும்பகுதி ஈராக்குக்கு. இவை இரண்டுக்கும் நடுவில் மே மாதம் வரியையும் குறைத்தார்கள். எல்லாம் கடன். நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் கணக்கில் ஈராக்குக்கு நேரடியாக ஒதுக்கியது மட்டும் சுமார் 81,500 கோடி. வட்டி, ஊனமுற்ற வீரர்களின் சிகிச்சை, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால் 3 லட்சம் கோடி வரும் என்று பொருளாதார நிபுணர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008-இல் மதிப்பிட்டார்கள். அது மிகை என்றவர்கள் உண்டு. ஆனால் முதல் உலகப்போர் வீரர்களுக்கான உதவித்தொகை உச்சத்தைத் தொட்டது 1969-இல் என்று பில்ம்ஸ் காட்டிய உண்மையை யாரும் மறுக்க முடியாது. சண்டை முடிந்து ஐம்பது ஆண்டு கழித்து! ஈராக் போன பையன்களில் பலர் இப்போதுதான் நாற்பதுகளில் இருக்கிறார்கள்.

தவறாகக் கணித்தவர்களுக்கு என்ன ஆனது? உல்ஃபோவிட்ஸ் 2005-இல் உலக வங்கித் தலைவரானார். டேனியல்ஸ் இந்தியானா மாநில ஆளுநரானார். ஷின்செகி 2003 ஜூனில் ஓய்வு பெற்றார். 2009-இல் ஒபாமா அவரை முன்னாள் வீரர் நலத்துறை அமைச்சராக்கினார். தன் எச்சரிக்கையைக் கேட்காமல் நடத்திய போரில் கை கால் இழந்தவர்களின் கோப்புகள் அவர் மேசைக்கே வந்தன.

மேலே சொன்ன அரசுத் தரப்புக் கணக்கு எதிலும் ஈராக்கியரின் உயிருக்கு ஒரு வரி இல்லை. நாளைச் சொன்னார்கள், டாலரைச் சொன்னார்கள், வீரர் எண்ணிக்கையைச் சொன்னார்கள். எத்தனை ஈராக்கியர் சாவார்கள் என்பதைப் பொதுவெளியில் கணித்துச் சொல்ல வேண்டிய ஒன்றாகவே அவர்கள் கருதவில்லை. ஆனால் 2003 ஜனவரியிலேயே, போர் தொடங்குவதற்கு முன்பே, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த சில தன்னார்வலர்கள் ஈராக் பாடி கவுண்ட் என்ற பெயரில் அதற்குத் தயாரானார்கள். செய்திகளையும் பிணவறைப் பதிவுகளையும் வைத்து ஒவ்வொரு சாவாகக் குறித்தார்கள். வன்முறையில் இறந்த பொதுமக்கள் என்று ஆதாரத்தோடு அவர்கள் பதிவு செய்தது, ஐஎஸ் காலத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 2 லட்சம் பேர். செய்தியில் வராத சாவு அதில் இல்லை.