ஈரோடு: ஒன்றரை லட்சமா, ஐந்து லட்சமா?

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 'கோயம்புத்தூர் மாவட்டம்'. என்னுடையதில் 'பெரியார் மாவட்டம்'. மகனுடையதில் 'ஈரோடு மாவட்டம்'. மூன்று பேரும் வளர்ந்தது வீரப்பன்சத்திரத்தில் ஒரே வீட்டில்தான். 1979இல் கோவையிலிருந்து பிரித்தார்கள், 1997இல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். நாங்கள் திண்ணையை விட்டு நகரவே இல்லை. (காங்கேயத்து அத்தை வீட்டுக்கு இன்னொன்று கூடுதல். 2009இல் திருப்பூர் மாவட்டம் ஆகிவிட்டார்கள்.)

இதை இப்போது கிளறக் காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை. ஈரோட்டு ஜனத்தொகை ஐந்து லட்சம் என்கிறார் மச்சான். ஒன்றரை லட்சம்தான் என்று அடித்துச் சொல்கிறார் சித்தப்பா. இரண்டு பேரும் சொன்னது சரி. அதுவும் ஒரே 2011 கணக்கெடுப்பை வைத்து.

1871இல் ஆரம்பித்த நகராட்சி இது, பெரியார் தலைவராக இருந்தது. 2008இல் மாநகராட்சி ஆனபோதும் பரப்பு எட்டரைச் சதுர கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் 2001இல் சுமார் 1.5 லட்சம் பேர், 2011இல் 1.57 லட்சம். பத்து வருடத்தில் ஊர் இவ்வளவுதான் வளர்ந்தது என்றால் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு தடவை வண்டி ஓட்டியவர்கூட நம்பமாட்டார். வளர்ச்சியெல்லாம் கோட்டுக்கு வெளியே நடந்தது. வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, பெரியசேமூர், காசிபாளையம் நான்கும் அப்போது தனித்தனி நகராட்சிகள். கணக்கெடுப்புப் புத்தகத்தில் நாங்கள் ஈரோட்டுக்காரர்களே கிடையாது!

அப்புறம் 2011இல் இந்த நான்கையும், திண்டல், வில்லரசம்பட்டி போன்ற ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். பரப்பு சுமார் 109 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 5 லட்சம். ஒரு குழந்தை கூடுதலாகப் பிறக்காமல் ஊர் மூன்று மடங்கானது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. சதுர கிலோமீட்டருக்கு 18 ஆயிரத்துக்கு மேல் இருந்த நெருக்கடி காகிதத்தில் நாலரை ஆயிரமாக இறங்கிவிட்டது. கடைவீதியில் நெரிசல் அப்படியே.

சேர்த்தது தப்பு என்று சொல்லமாட்டேன். சாக்கடைக்கும் குடிநீருக்கும் வார்டு எல்லை தெரியாது. ஆனால் விட்டுக்கொடுத்தது யார்? ஊராட்சியில் தலைவரை வீட்டு வாசலிலேயே பிடித்துக் கேட்டவர்கள், இப்போது 60 வார்டில் ஒன்று. சராசரியாக 8 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர். நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும் என்பதால் அதுவும் போனது. 2016இல் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. எங்கள் தெருவிளக்கு அந்தக் காலத்தில் எட்டு மாதம் எரியாமல் கிடந்தது, யாரிடம் சொல்வதென்றே தெரியவில்லை.

2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்தது 2027இல். மொத்தம் ஆறு லட்சமா ஏழா என்று எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள். நான் முதலில் தேடப்போவது அந்தப் பழைய எட்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் இருக்கும் வார்டுகளை. வீடெல்லாம் ஜவுளிக் குடோனாக மாறிய தெருக்கள் அங்கே நிறைய. ஆள் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. சித்தப்பா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.