அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். என் அண்ணன் மகள் ஆடுவது கர்லிங். பனித்தளத்தில் கல்லை இலக்கை நோக்கித் தள்ளிவிட்டு, அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து ஆடும் விளையாட்டு. ஒலிவாங்கி கைக்கு வந்ததும் சிலருக்கு நாக்கு நீண்டுவிடுகிறது. அவளைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டார்: “பதினேழு வயதில் கோப்பையோடு படம் போட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாளா?” எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அவளும் சிரித்தாள். சபை நாகரிகத்துக்காகச் சிரித்தாள்.

ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வயது கூடியது, அவ்வளவுதான்.

கர்லிங்கில் உலக ஜூனியர் போட்டியில் ஆட வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ஜூன் 30 அன்று 21 வயது நிறைந்திருக்கக் கூடாது. அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் எதிரே நிற்பவர்கள் முப்பதுகளில் இருக்கும் பெண்கள். கல் அதே கிரானைட் கல்தான், ஏறக்குறைய 20 கிலோ. தளமும் அதே 45 மீட்டர் பனித்தளம்தான். ஆனால் அந்தப் பனியின்மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்துச் சின்னச் சின்னப் புடைப்புகளை உண்டாக்கியிருப்பார்கள். ஆட ஆட அவை தேயும். முதல் சுற்றில் கல் போன வழியில் எட்டாவது சுற்றில் போகாது. அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, எங்கே குறிவைக்க வேண்டும் என்று ‘ஸ்கிப்’ எனப்படும் அணித்தலைவி சொல்ல வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் பனியில் நின்றிருக்க வேண்டும். துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிட்டு ஆறு மாதத்தில் மதிப்பெண் கேட்க முடியாது. போதாக்குறைக்கு, ஜூனியரில் ஒன்றாக ஆடிய நால்வரில் ஒருத்தி பல்கலைக்கழகம் என்று ஓர் ஊருக்கும், இன்னொருத்தி வேலை என்று வேறோர் ஊருக்கும் போய்விடுவார்கள். அணியையே புதிதாகச் சேர்க்க வேண்டும். ஜூனியர் காலம் முடிந்தது, அவள் முடிந்துபோகவில்லை.

ஸ்காட்லாந்தில் அவள் ஆடும் அரங்கத்துக்கு நான் போயிருக்கிறேன். குளிரில் எனக்குப் பற்கள் தந்தியடித்தன. துடைப்பம் என்று கேலி செய்தீர்களே, உடல் பாரத்தை எல்லாம் அதன்மேல் இறக்கி, பனியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கல்லுக்கு முன்னால் ஓட வேண்டும். தேய்த்தால் உராய்வு குறைந்து கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். வெளியே வந்தவளால் தோளைத் தூக்க முடியவில்லை. அன்று அவர்கள் தோற்றார்கள். எதிரணித் தலைவிக்கு ஏறத்தாழ என் வயது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களுக்குப் பானம் வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்காருவது அங்கே வழக்கம். அந்த அம்மாள் மேசையில் இருந்த கோப்பைகளைக் கற்களாக நகர்த்தி, என் மருமகள் எந்த இடத்தில் தவறான முடிவு எடுத்தாள் என்று பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். தோற்கடித்தவர் அவர். அவருக்கே கேலி செய்யத் தோன்றவில்லை.

ஈவ் மியூர்ஹெட் என்று ஒருவர். அதே ஸ்காட்லாந்து. 2007, 2008, 2009 என மூன்று முறை ஜூனியர் உலகப் பட்டம். 2010இல் 19 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்கில் அணித்தலைவியாகப் போனார், அரையிறுதியைக்கூட எட்டவில்லை. நம்மவர் யாராவது அங்கே ஒலிவாங்கியோடு நின்றிருந்தால் அன்றே கதையை முடித்திருப்பார். அவர் திரும்பி வந்து 2011இல் நான்காவது ஜூனியர் பட்டம் வாங்கினார். 2013இல் பெரியவர்களுக்கான உலகப் பட்டம், 2014இல் ஒலிம்பிக் வெண்கலம். 2018இல் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கடைசிக் கல் அவர் கையில். அது பிசகியது, ஜப்பான் 5-3 என வென்றது. 2022 ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதிகூடக் கிடைக்காமல் கடைசித் தகுதிச்சுற்று வழியாகப் போய், பெய்ஜிங் இறுதியாட்டத்தில் அதே ஜப்பானை 10-3 என வென்று தங்கம் வாங்கினார். முதல் ஜூனியர் பட்டத்திலிருந்து 15 ஆண்டுகள். சுவிட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனி முதல் உலகப் பட்டத்தை வென்றது 39 வயதில். என் மருமகளுக்கு 23.

எல்லாரும் மியூர்ஹெட் ஆகிவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அவளும் ஆகாமல் போகலாம். ஆகாவிட்டால்தான் என்ன? உங்கள் வீட்டு மருத்துவர் நோபல் பரிசு வாங்கிய பிறகுதான் அவரிடம் மரியாதையாகப் பேசுகிறீர்களா?

விளையாட்டு சோறு போடுமா? போடாது. அவள் வேலைக்குப் போய்த் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறாள். அடுத்த கேள்வி.

வெயில் நாட்டுக்காரர்களுக்குப் பனி எதற்கு? 2025 ஹார்பின் ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கர்லிங் தங்கத்தை வென்றது பிலிப்பீன்ஸ், தென்கொரியாவை 5-3 எனத் தோற்கடித்து. அணியில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வளர்ந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை அந்த நாடு தன் பிள்ளைகள் என்று கொண்டாடியது. நாமோ, இங்கே சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூபில் இருந்த பனித்தளம் 2023இல் அந்தக் கடைத்தொகுதியோடு சேர்ந்து மூடப்பட்டதும் அடுத்து அங்கே என்ன வீடு வரும், விலை என்ன என்று விசாரித்தவர்கள்.

நகைச்சுவையைப் பெரிதுபடுத்துகிறேன் என்று சிலர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார்கள். சரி, நகைச்சுவை. கோப்பைப் படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் அவள் போடவில்லை, அண்ணனும் போடவில்லை. நீங்கள் போட்டீர்கள். “நம் சமூகத்தின் பெருமை” என்று எழுதியதும் நீங்கள்தான். பதினேழில் மாலை போட யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை. இப்போது அந்த மாலைக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

நானும் உயர்நிலைப் பள்ளியில் பள்ளி அணிக்காக வலைப்பந்து ஆடியவள். சாதாரண நிலைத் தேர்வு (‘ஓ’ லெவல்) வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். பொறுப்பான பெண் என்று உறவினர்கள் பாராட்டினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. விட்டவளை யாரும் கேட்பதில்லை. விடாமல் தோற்றுக்கொண்டு, மறுபடி போய் நிற்கிறவளைத்தான் கேட்பீர்கள், அதுவும் நூறு பேர் முன்னால். அன்று சாப்பாட்டு வரிசையில் அண்ணன் யாரிடமும் பேசவில்லை. “விடுங்கள் அத்தை, அவர் வயதில் பெரியவர்” என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இந்தப் பதிவை நீக்கச் சொல்லி அழைப்புகள் வருகின்றன. நீக்க மாட்டேன். அந்தப் பெரியவர் வருத்தம் தெரிவிக்க விரும்புவதாகவும் கேள்விப்பட்டேன். எனக்கு வேண்டாம். மருமகள் வியாழக்கிழமை இரவுதான் விமானம் ஏறுகிறாள். அவள் கைப்பேசி எண் அவருடைய மகளிடமே இருக்கிறது.