ஜெனரேட்டர் பெரிசானால் பேட்டரி சீக்கிரம் நிரம்புமா?
பெரிய ஜெனரேட்டரும் சார்ஜரும் போட்டால் மின்படகின் லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு மணி நேரத்தில் முழுசாக நிரம்பும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சுமார் 80 சதவீதம் வரை சார்ஜர் தள்ளுகிற கரண்ட்டைப் பேட்டரி வாங்கிக்கொள்ளும். அப்புறம் வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் (12 வோல்ட் பேட்டரிக்கு 14.4 வாக்கில்), சார்ஜர் அதை அங்கேயே பிடித்துவைக்க, உள்ளே போகிற கரண்ட் குறைந்துகொண்டே வரும், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் ஆகும், ஜெனரேட்டர் எவ்வளவு பெரிசானாலும். அந்த நேரமெல்லாம் டீசல்தான் வீண்.

நீங்களே பார்த்துவிடலாம். படகு மோட்டாரை நிறுத்திவிட்டு, சார்ஜர் ஓடும்போது பேட்டரி கேபிளில் கிளாம்ப் மீட்டரை (கம்பியைக் கவ்வி கரண்ட்டை அளக்கிற கருவி) மாட்டி (டிசி அளக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல மலிவு மீட்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும்) கால் மணிக்கொரு தரம் வோல்டையும் ஆம்பியரையும் குறித்து வாருங்கள். உச்சத்தைத் தொட்ட பிறகு வோல்ட் 14.4-இல் அசையாமல் நிற்கும், ஆம்பியர் மட்டும் 80, 55, 30 என்கிற மாதிரி இறங்கும்.

லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட நிரம்பும்வரை சார்ஜர் தள்ளுகிற கரண்ட்டை இழுக்கும், அது வேறு கதை.