போடத் தெரிந்தால் போதுமா?

எத்தியோப்பியப் பெண்கள் கையில் தோலுக்கடியில் வைக்கும் மூன்று வருடக் கருத்தடைக் குச்சியை முன்கூட்டியே எடுத்துவிடுவதற்கு ‘அறியாமை’தான் காரணம் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் குச்சியால் பலருக்கு மாதவிலக்கு தாறுமாறாகும். சிலருக்கு வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும், சிலருக்கு நின்றே போகும். பெரும்பாலும் ஆபத்தில்லைதான், ஆனால் போடும்போதே யாராவது சொல்ல வேண்டாமா? தினமும் துணி மாற்றுகிறவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இன்னொன்று. 2009-இல் அங்கே ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குச்சியைப் போடத்தான் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். எடுக்க வேண்டுமென்றால் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. போனால் “இன்னும் நாள் இருக்கே” என்று திருப்பி அனுப்புவது என்ன நியாயம்? பிள்ளை வேண்டுமென்று எடுப்பவளையும் ‘பாதியில் விட்டவர்’ கணக்கில் சேர்ப்பது அதைவிடக் கூத்து!